மிச்சத்தின் செலவு

"பிரெட் காய்ஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதே, முட்டையில தோய்ச்சுச் சுட்டுக்கலாம்." வீடுகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை இது. சமையல் புத்தகங்களும் பிரெஞ்ச் டோஸ்டை இப்படித்தான் அறிமுகம் செய்கின்றன. வீணாகப் போகிற ரொட்டிக்கு ஒரு வழி என்கின்றன. சிக்கனக்காரரின் பலகாரம், ஏழைகளின் கண்டுபிடிப்பு என்றும் சொல்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செலவுக் கணக்கு எழுதிப் பார்த்தால்தான் சங்கடம்.

நாலு துண்டு பழைய பிரெட், இன்றைய விலையில் 10, 12 ரூபாய்க்கு மேல் பெறாது. அதைக் காப்பாற்ற இரண்டு முட்டை, அரை டம்ளர் பால், இரண்டு மூன்று தேக்கரண்டி நெய், கொஞ்சம் சர்க்கரை, ஒரு ஏலக்காய் வேண்டும். மேலே சூடான பழம் ஊற்றுவதென்றால் ஒரு ஆப்பிள் அல்லது ஒரு கை பிளம்ஸ். கேஸ் தனி. எப்படிச் சுருக்கினாலும் 60, 70 ரூபாயில் வந்து நிற்கிறது. 12 ரூபாய்ப் பண்டத்தை மீட்க 60 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் கிடைக்காது.

பலகாரத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. செய்யப் பிடிக்கும், சாப்பிட அதைவிடப் பிடிக்கும். என் வழக்கு அதன் கழுத்தில் நாம் மாட்டிவிட்டிருக்கும் சிக்கனம் என்ற நற்சான்றிதழோடுதான். மிஞ்சியதை வீணாக்காத நல்ல குடித்தனம் என்ற பெயரில் ஒரு சிறிய விருந்து நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் சான்றிதழை நம்பிவிட்டால் அந்த விருந்துக்கு யார் என்ன செலவழித்தார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

*

இந்தப் பலகாரத்தின் பழைய எழுத்துச் சான்றுகளில் ஏழை யாரும் தென்படுவதில்லை. அபிசியஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் தொகுப்பு நாலாம், ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் திரட்டப்பட்டது என்பார்கள். அதில் இனிப்பு வகைகளுக்கு நடுவே ஒரு சிறு குறிப்பு வருகிறது. உயர்ந்த கோதுமையில் செய்த வெள்ளை ரொட்டியின் மேல்தோலைச் சீவிவிட்டு, பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்துப் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறும் முறை அது. முட்டை கிடையாது. ரொட்டி பழையதாக இருக்க வேண்டும் என்ற பேச்சும் கிடையாது. மேல்தோலைச் சீவிக் கழிக்கச் சொல்கிற சமையற்காரர் மிச்சம் பிடிக்கிறவராக இருக்க முடியாது.

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் மார்ட்டினோ என்றொரு சமையற்காரர் இருந்தார். ரோமில் ஒரு கார்டினலின் அடுக்களையைப் பார்த்துக்கொண்டவர். அவருடைய நூலிலும் இந்தப் பலகாரம் உண்டு. வெள்ளை ரொட்டியின் ஓரம் வெட்டி, சதுரத் துண்டுகளாக்கி, லேசாக வாட்டி, சர்க்கரையும் பன்னீரும் சேர்த்து அடித்த முட்டையில் ஊறப்போட்டு, வெண்ணெயிலோ கொழுப்பிலோ பொரிக்கச் சொல்கிறார். தட்டில் அடுக்கிய பின் குங்குமப்பூவால் நிறமேற்றிய பன்னீரும் மறுபடி சர்க்கரையும் மேலே. அன்றைய ஐரோப்பாவில் சர்க்கரை கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. குங்குமப்பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்டினலின் மேசைக்கு மீந்த ரொட்டியைத் தேற்றி அனுப்பினார்கள் என்று நினைக்க மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் இந்தப் பெயர் வந்த கதை இன்னும் வேடிக்கை. பிரபுக்களின் வீடுகளில் சமைத்த ராபர்ட் மே 1660இல் வெளியிட்ட நூலில் பிரெஞ்ச் டோஸ்ட் என்ற தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. தடிமனாக வெட்டிய ரொட்டியை இரும்புக் கம்பித் தட்டில் வாட்டி, திராட்சை ரசத்தில் ஊறவைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்துக் கொடுப்பது. முட்டையும் இல்லை, பாலும் இல்லை, பொரிப்பதும் இல்லை. பழச்சாறு மட்டும் அப்போதே இருந்திருக்கிறது. மேலே பழம் ஊற்றிச் சாப்பிடுவதை இன்றைய உணவக நாகரிகம் என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அப்படியானால் அந்த நாடுகளின் ஏழைகள் காய்ந்த ரொட்டியை என்ன செய்தார்கள்? சூப்பில் போட்டார்கள். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ரிபோலிட்டா என்ற கெட்டியான சூப் இன்றும் உண்டு. முந்தின நாள் காய்கறி சூப், பீன்ஸ், கரும்பச்சைக் கோஸ், பழைய ரொட்டி எல்லாம் ஒரே சட்டியில் மறுபடி கொதிக்கும். ஸ்பெயினில் பூண்டு, எண்ணெய், மிளகாய்த்தூள், தண்ணீர், காய்ந்த ரொட்டி, இவ்வளவில் ஒரு சூப். அங்கெல்லாம் மிஞ்சியதோடு சேர்வது பெரும்பாலும் தண்ணீரும் தீயும்தான். சிக்கனம் என்ற சொல்லுக்கு அந்தச் சட்டிகள் தகுதியானவை.

சர்க்கரையும் முட்டையும் விலை இறங்கிய பின் பிரபுக்களின் பலகாரம் எல்லா வீட்டுக்கும் வந்தது. வந்த இடத்திலும் விசேஷ நாளின் பலகாரமாகவே உட்கார்ந்துகொண்டது. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் டோரிஹாஸ் செய்வார்கள். பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் காய்ச்சிய பாலில் ரொட்டியை ஊறவைத்து, முட்டையில் புரட்டி, ஆலிவ் எண்ணெயில் பொரித்து, சர்க்கரை தூவுவது. போர்ச்சுகலில் இதன் தங்கை கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். ஸ்பானிய ரொட்டிக் கடைகளில் நோன்புப் பருவத்தில் டோரிஹாஸுக்கென்றே தனி ரொட்டி சுட்டு விற்கிறார்கள். மீந்த ரொட்டிக்கான பலகாரத்துக்குக் கடையில் புது ரொட்டி! ஹாங்காங் டீக்கடைகளில் இரண்டு துண்டுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் முக்கி, எண்ணெயில் மூழ்கப் பொரித்து, மேலே ஒரு கட்டி வெண்ணெய் வைத்துப் பாகு ஊற்றித் தருகிறார்கள். அதைச் சாப்பிடும் எவரும் தாம் ரொட்டியைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணுவதில்லை.

*

நம் வீடுகளுக்கு இது பாம்பே டோஸ்ட் என்ற பெயரில் வந்தது. இலங்கையிலும் இதே பெயர் உண்டு. வந்த வழிதான் நமக்கே உரியது. தமிழ்நாட்டில் பிரெட் வெகுகாலம் காய்ச்சல்காரர் சாப்பாடு. டாக்டர் பெட்டியை மூடும்போது சொல்வார்: "கஞ்சி, இட்லி, பிரெட் குடுங்க." வீட்டுப் பெரியவர் போய் மெழுகுத்தாள் சுற்றிய பாக்கெட் ஒன்றை வாங்கிவருவார். 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு நகரங்களில் பாக்கெட் பிரெட் பரவியது. பரவியும் அரிசி வீட்டில் அது விருந்தாளியாகவே இருந்தது. காய்ச்சலோடு வரும், காய்ச்சலோடு போகும்.

காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். பாக்கெட்டில் பாதி நிற்கும். உடம்பு தேறியவன் பாலில் நனைத்த பிரெட்டை இனி ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். இந்த இடத்தில்தான் முட்டை உடைக்கப்பட்டது. நெய்யிலோ டால்டாவிலோ பொன்னிறமாகச் சுட்ட அந்தப் பிரெட், படுக்காமல் ஓடியாடிக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. நோயாளிக்குச் சாதாரண பிரெட், ஆரோக்கியசாலிகளுக்குப் பாம்பே டோஸ்ட். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இவனுக்குத்தானே கொண்டாட்டம்" என்று அண்ணன் தம்பிகளுக்குள் இன்றும் பேச்சு ஓடுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் எடுத்துச்செல்லும் பையை நினைத்துப் பாருங்கள். ஒரு பாக்கெட் பிரெட், ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பிரெட்டும் பழமும் பல ஆண்டுகளாக ஒரே பையில் சேர்ந்து பயணம் செய்தன. ஒரே தட்டில் சேரவில்லை. நோயாளிக்கு வாங்கிய இரண்டையும் நெய்யில் சந்திக்க வைத்தால் அதுதான் சூடான பழத்தோடு பிரெஞ்ச் டோஸ்ட்.

*

பழைய பிரெட் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பழையதாவது என்றால் காய்வது என்றே பலரும் நினைக்கிறோம். பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூசாங்கோ 1852இல் ரொட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்துப் பார்த்தார். ஈரம் வெளியேற வழியில்லாத நிலையிலும் ரொட்டி இறுகியது. திரும்பச் சூடாக்கியதும் இளகியது. ஈரம் எங்கும் போய்விடவில்லை. சூட்டில் குலைந்து நீரை வாங்கிக்கொண்ட மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி வரிசை கட்டிப் படிகமாக இறுகுகிறது. பழசாவதன் பெரும்பகுதி இதுதான் என்பது பின்னால் தெளிவானது. நேற்றைய சோறு ஃபிரிட்ஜில் விறைத்துக்கொள்வதும், ஆவி காட்டியதும் மலர்வதும் இதே காரணத்தால். உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில் இந்த இறுக்கம் மிக விரைவாக நடக்கும். பிரெட்டைக் கெடாமல் வைப்பதாக நினைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் பாம்பே டோஸ்டுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இறுகிய பிரெட்டுக்குத்தான் பாலும் முட்டையும் பிடிக்கும். புது பிரெட் கரைசலில் விழுந்ததும் குழைந்து, தூக்கும்போதே கிழியும். பழையது தன் உருவத்தை விடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். பழைமை ஒரு தகுதியாக இருக்கிற அபூர்வமான இடம்.

இன்றைய சிக்கல் என்னவென்றால் கடையில் வாங்கும் பாக்கெட் பிரெட் பழசாவதே இல்லை. மிருதுவாகவே வைத்திருக்கும் நொதிகளும் பால்மமாக்கிகளும் பூஞ்சைத் தடுப்பானும் அதில் சேர்கின்றன. இத்தனையும் மீறிச் சென்னைப் புழுக்கத்தில் அது ஒருநாள் மிருதுவாக இருந்தபடியே பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்ததை ஓரம் கிள்ளிவிட்டு உபயோகிக்கக் கூடாது. இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், அப்படியே எறிய வேண்டியதுதான். இளமைக்கும் சாவுக்கும் நடுவே முதுமை என்ற ஒன்று அந்த பிரெட்டுக்கு வாய்ப்பதில்லை.

எனவே என்ன செய்கிறோம்? பேக்கரியில் வெட்டாத முழு பிரெட் வாங்கி, விரல் தடிமனில் துண்டு போட்டு, இரவெல்லாம் தட்டில் பரப்பி வைக்கிறோம். அவசரமென்றால் மின்விசிறிக்குக் கீழே. இன்னும் அவசரமென்றால் இளஞ்சூட்டில் அடுப்பில் உலர்த்துகிறோம். மீந்துபோன பிரெட்டுக்கு வழி தேடிப் பிறந்ததாகச் சொல்லப்படும் பலகாரத்துக்காகப் புது பிரெட்டைக் காசு கொடுத்து வாங்கிப் பழசாக்குகிறோம். சிக்கனத்தின் வேஷம் இந்த இடத்தில் முழுசாகக் கலைந்துவிடுகிறது.

*

கலைந்த பிறகு பலகாரத்தை நேராகப் பார்க்க முடிகிறது. நாலு தடித்த துண்டுக்கு இரண்டு முட்டை, அரை டம்ளர் பால், ஒரு தேக்கரண்டி சர்க்கரை. ஒரு சிட்டிகை உப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் எல்லாம் இருந்தும் ஏதோ இல்லாதது போலிருக்கும். முட்டையைத் தனியாக நன்றாக அடித்துவிட்டுப் பிறகு பால் சேர்க்க வேண்டும். வெள்ளைக் கரு இழையிழையாக நின்றால் பிரெட்டின் துளைகளுக்குள் போகாமல் மேலேயே படிந்து ஆம்லெட்டாகிவிடும், ஆகவே வடிகட்டுவது நல்லது. சர்க்கரை கூடினால் உள்ளே வேகும் முன் வெளியே கருகும். இனிப்புக்குப் பழம் வரப்போகிறது. கரைசலில் கை அடக்கமாக இருக்கலாம்.

ஊறுவதற்குக் கடிகாரத்தைவிட விரல் நம்பகமானது. துண்டின் நடுவில் மெதுவாக அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் அமுங்க வேண்டும், தூக்கினால் வளையலாம், தொங்கக் கூடாது. காய்ந்த துண்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு நிமிஷம் பிடிக்கும். எடுத்ததும் கல்லில் போட்டுவிடாமல் ஒரு தட்டில் சற்று விட்டுவைத்தால், மேலே நிற்கும் கரைசல் நடுவுக்கு நகர்ந்துகொள்ளும்.

முட்டை மட்டுமென்றால் 60, 70 டிகிரியில் இறுகத் தொடங்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல் கட்டிப்பட ஏறத்தாழ 80 டிகிரி வேண்டும். அந்தச் சூடு தடித்த துண்டின் நடுவரைக்கும் போய்ச்சேர நேரமாகும். அதனால் தீ நடுத்தரத்துக்கும் கீழே. வெண்ணெயில் செய்தால் அதிலுள்ள பாற்பொருள் இதற்குள் கருகத் தொடங்கிவிடும். நெய்யில் அந்தப் பயமில்லை, பாற்பொருளை ஏற்கெனவே காய்ச்சி நீக்கியாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பியச் சமையலறையைவிட நம்முடையது வசதியானது. வெங்காய ஊத்தப்பம் வார்த்த கல்லாக இருந்தால் மட்டும் வேறு வாணலி எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புக்கு ஞாபகசக்தி அதிகம்.

நெய் உருகிப் பரவியதும் துண்டை வைத்தால் சலசலப்பு மெல்லியதாகக் கேட்க வேண்டும். சீறினால் தீ அதிகம், சத்தமே இல்லையென்றால் கல் காயவில்லை. மூன்று நிமிஷம் தொடாமல் விடலாம். ஓரம் முதலில் மங்கி, ஈரப் பளபளப்பு போய், அடியில் பழுப்பு வரி ஏறும். திருப்பிப் போட்டதும் வெந்த பக்கம் மேலே வந்து, நடுவில் லேசாக உப்பும். உப்பியது என்றால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகத் தள்ளுகிறது, கரைசல் கட்டிப்பட்டுக்கொண்டிருக்கிறது. உப்பல் அடங்கும் முன் எடுத்துவிட்டால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே நெகிழ்வும் சேர்ந்து நிற்கும்.

*

பழத்தைப் பற்றிப் பேசும்போது நம் கை கொஞ்சம் தயங்குகிறது. காயாக இருக்கும்வரை எல்லாவற்றையும் அடுப்பேற்றுவோம்: வாழைக்காய், மாங்காய், பலாக்காய், பப்பாளிக்காய். பழுத்த பிறகு கழுவி நறுக்கி அப்படியே சாப்பிடுவதுதான் மரியாதை. பழனிப் பஞ்சாமிர்தத்தில்கூட பழம் அடுப்பேறுவதில்லை. விலக்குகள் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் நேந்திரம் பழத்தை அவிக்கிறார்கள், மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள், பலாப்பழத்தைப் பிரதமன் வைக்கிறார்கள். மாம்பழ மோர்க்குழம்பும் அன்னாசி ரசமும் இருக்கின்றன. மற்றபடி நல்ல பழத்தைச் சூடாக்குவது நமக்குப் பழத்தை வீணாக்குவது.

நல்ல பழத்துக்கு அது சரிதான். சரஸ்வதி பூஜை கழிந்த மூன்றாம் நாளை எடுத்துக்கொள்வோம். படத்துக்கு முன்னால் வைத்த சீப்பு வாழைப்பழம் கறுத்துக்கொண்டிருக்கிறது. குங்குமப் பொட்டு வைத்த ஆப்பிளை யாரும் தொடவில்லை, தொட்டால் மாவாக இருக்கிறது. பொரிக்குள் கிடக்கும் கொய்யாவிலிருந்து வாசனை வீடு முழுக்க. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமென்றால் அவர்கள் வீட்டிலும் இதே சீப்பு. எறியவும் மனமில்லை, தின்னவும் ஆளில்லை. இங்கேதான் மிச்சம் நிஜமாகவே மிச்சம்.

மாவாகிவிட்ட ஆப்பிளைத் தோல் சீவிப் பிறைத் துண்டுகளாக்கி, ஒரு தேக்கரண்டி நெய்யில் போட்டு, சர்க்கரையும் சிட்டிகை உப்பும் தூவி மூடி வைத்தால், இரண்டொரு நிமிஷத்தில் தன் சாற்றைத் தானே விடும். சர்க்கரை நீரை வெளியே இழுக்கிறது, சூடு செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கிறது. மூடியைத் திறந்து சாறு பளபளப்பாகச் சுண்டும்வரை விட வேண்டும். பட்டைத்தூள் போடுகிறவர்கள் போடலாம். இறக்கிய பின் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. புளிப்பு இல்லாவிட்டால் நெய்க்கும் முட்டைக்கும் முன்னால் பழம் வாயடைத்துப் போகும்.

மலைவாழையை நீளவாக்கில் பிளந்து நெய்யில் வைத்துவிட்டுக் கிளறாமல் இருப்பதுதான் செய்ய வேண்டிய முழு வேலை. கொடைக்கானல் பிளம்ஸ் கோடையில் வரும்போது அதை மிஞ்ச எதுவும் இல்லை. தோலிலுள்ள புளிப்பும் நிறமும் சாற்றுக்கு இறங்கி, தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்க்காமலே கருஞ்சிவப்புக் குழம்பு கிடைக்கும். ஆண்டு முழுக்க மலிவாகக் கிடைக்கும் கம்பம் பன்னீர் திராட்சையும் இதற்குப் பழுதில்லை, விதையை வடிகட்டப் பொறுமை வேண்டும். அன்னாசி மட்டும் பச்சையாக மேலே வைக்கக் கூடாதது. அதிலுள்ள புரோமிலைன் என்ற நொதி புரதத்தைக் கரைக்கும், கட்டிப்பட்ட முட்டையையும் கொஞ்ச நேரத்தில் சொதசொதப்பாக்கும். கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

பழம் ஏன் சூடாக வேண்டும் என்ற கேள்விக்கு நாக்கே பதில் சொல்லும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த துண்டுகளைப் போட்டால் நெய் உறைந்து அண்ணத்தில் ஒட்டுகிறது, நீர்த்த சாறு மொறுமொறுப்பை நனைத்துவிடுகிறது. சுண்டிய சூடான சாறு மேலே நிற்கும், மெதுவாகத்தான் இறங்கும். பழத்தை முதலில் செய்து மூடி வைத்துவிட்டு டோஸ்ட் சுடத் தொடங்குவதே ஒழுங்கு. பழம் காத்திருக்கும், டோஸ்ட் காத்திருக்காது.

*

மீந்ததை மதிப்பதில் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது. செலவு ஒரு செம்புத் தண்ணீர், வேலையை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். தெற்கே கல்யாண வீடுகளில் மறுநாள் சுண்டக்கறி வைப்பார்கள். சாம்பார், கூட்டு, அவியல், புளிக்குழம்பு எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டிச் சுண்டவிடுவது. புதிதாகச் சேர்வது விறகு மட்டும். விருந்தைவிட அதற்குத்தான் ஆள் அதிகம். டஸ்கனியின் ரிபோலிட்டாவும் நம் சுண்டக்கறியும் ஒன்றையொன்று கேள்விப்படாமலே ஒரே முடிவுக்கு வந்தவை. மிஞ்சியதைக் காப்பாற்றப் புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கிறதா? இல்லையென்றால் அது சிக்கனம்.

பிரெட்டிலேயே இன்னொரு நேர்மையும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் பிரியாணியோடு வரும் பிரெட் அல்வாவில் நெய்யும் சர்க்கரையும் பாலும் கணக்கில்லாமல் ஓடும். ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டாவும் அப்படியே. யாரும் அதை மிச்சத்தின் பலகாரமென்று சொல்லிக்கொள்வதில்லை. விருந்து என்கிறார்கள், விருந்தாகச் செய்கிறார்கள், செய்தவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்கள். பிரெஞ்ச் டோஸ்டையும் அந்த வரிசையில் உட்கார வைப்பதே நியாயம்.

ஏனென்றால் முதலில் போட்ட கணக்கில் ஒரு வரியை எழுதவில்லை. சாதாரண தோசைக்கல்லில் தடித்த துண்டு ஒரு சமயத்தில் இரண்டு வைக்கலாம், நெருக்கினால் மூன்று. ஒரு ஈட்டுக்கு ஆறேழு நிமிஷம். நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் நாலு ஈடு, அரை மணி நேரம். சூடு ஆறினால் ருசி போய்விடும் என்பதால் சுட்டதும் மேசைக்குப் போகிறது. "அம்மா, இன்னொண்ணு", "இங்க பழம் கம்மியா இருக்கு", "நீயும் உட்காரேம்மா" என்று குரல்கள் வருகின்றன. உட்கார்ந்தால் கல்லில் இருப்பது கருகும். கடைசி ஈடு அடுக்களையிலேயே நின்றுவிடும், பழக் குழம்பில் அடியில் ஒட்டியது மட்டும் மீந்திருக்கும். பழைய பிரெட்டைக் காப்பாற்றிய வீட்டில் அன்றைக்கு மிச்சத்தைச் சாப்பிட்டவர் ஒரே ஒருவர்தான்.

சிக்கனம் என்று பெயர் வைத்துவிட்டால் இந்த அரை மணி நேரத்துக்கு விலை போடத் தேவையில்லாமல் போகிறது. பிரெட்டை வீணாக்காமல் ஏதோ செய்தாள், அவ்வளவுதான். விருந்து என்று பெயர் வைத்தால் செய்தவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டியிருக்கும். பலகாரத்தின் ருசியில் இதனால் ஒரு மாற்றமும் இல்லை. மாறுவது, யார் சூடாகச் சாப்பிடுகிறார்கள் என்பது.

வழிகள் இல்லாமல் இல்லை. ஓவன் உள்ள வீட்டில் 100 டிகிரியில் கம்பித் தட்டின் மேல் சுட்டதை அடுக்கி வைத்தால் கால் மணி நேரம் மொறுமொறுப்புக் குறையாமல் நிற்கும், எல்லோரும் சேர்ந்து உட்காரலாம். ஓவன் இல்லாத வீட்டில் ஆளுக்கு ஒரு ஈடு சுடலாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பக்கத்தில் நின்றால் போதும், இது திருப்பிப் போடும் வேலைதான். எதுவும் முடியாவிட்டால், சுடுகிறவரே முதல் துண்டை அடுப்படியில் பழத்தோடு சாப்பிட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிடலாம். உங்கள் வீட்டில் சுடுகிறவர் நீங்கள் இல்லையென்றால், இரண்டாம் ஈட்டுக்கு எழுந்துபோய்க் கரண்டியை வாங்கிக்கொள்ளுங்கள்.